ஒப்பந்தத் தாளின் மறுபக்கம்

கியூபெக்கின் கோட்-டெ-நெய்ஜ் பகுதித் தமிழ்க் கத்தோலிக்கரிடையே இரண்டு கூத்து மன்றங்கள் இருந்தன. இரண்டுக்கும் ஒவ்வொரு சர்வாதிகாரி. மன்னார் மன்றத்துக்கு வலன்ரைன், யாழ்ப்பாண மன்றத்துக்கு எமிலியானுஸ். தலைவர் தேர்தல் வருடாவருடம் தவறாமல் நடக்கும். எதிர்த்து நிற்கத்தான் ஆள் வராது. எந்தக் கூத்திலும் தலைவரே ராசா. புனிதரின் கதை என்றால் புனிதர் பாதியில் செத்துப்போவார், ராசா விடியும்வரை பாடுவார்.

கோயிலின் கீழ் மண்டபம் வெள்ளியில் மன்னாருக்கு, ஞாயிறில் யாழ்ப்பாணத்துக்கு. இடையில் சனிக்கிழமை யோசெப்பின் ரீச்சரின் தமிழ் வகுப்பு, இருபத்திரண்டு பிள்ளைகள். ராசாக்கள் இருவரும் ஆறு வருடமாகக் கதைப்பதில்லை. கதைக்கத் தேவையும் வரவில்லை.

2006 ஆகஸ்டில் ஒருநாள், பூசை முடிய, இருவரும் கைகுலுக்கினார்கள். 'இனி ஒருவரையொருவர் தாக்குவதில்லை' என்ற ஒப்பந்தத்தை வலன்ரைன் ராகத்தோடு வாசித்தார். சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டே ரோல்ஸ் சாப்பிட்டது.

ரீச்சரின் மகள் றொசானா, கல்லூரியில் வரலாறு படிக்கிறவள், ரோல்ஸைக் கீழே வைத்தாள்.

"அம்மா, 1939 ஆகஸ்டிலயும் இப்பிடித்தான். ஹிட்லரின்ர ஆக்களும் ஸ்டாலினின்ர ஆக்களும் கைகுடுத்தவை. ரகசியத் தாளில போலந்தை ரெண்டாப் பிரிச்சவை. ஒன்பது நாளில சண்டை."

"விசர்க்கதை கதையாதை. உவையள் சமாதானமாப் போனா எங்களுக்கென்ன?"

"நாங்கள்தான் போலந்து."

அடுத்த சனி மன்னார் மன்றம் மத்தளத்தோடு வந்து இறங்கியது. "பிள்ளையள், கொஞ்சம் பின்னுக்குப் போங்கோ," என்றார் வலன்ரைன் அன்பாக. பின்னுக்கு எமிலியானுஸ் நின்றார். மண்டபத்தின் நடுவே கோடு. ஒப்பந்தத் தாளின் பின்பக்கத்தில் அந்தக் கோடு இருந்தது; பூசையில் வாசித்தது முன்பக்கம்.

வகுப்பு ரீச்சரின் கட்டடத்து உடுப்புத் தோய்க்கும் அறைக்கு இடம்பெயர்ந்தது. பிள்ளைகள் ஒன்பதாகக் குறைந்தார்கள். மற்றவர்களைப் பெற்றோர் கராத்தேக்குச் சேர்த்துவிட்டார்கள்.

இடையில் வகுப்பு இருந்தவரை ராசாக்கள் முட்டிக்கொள்ள வழியிருக்கவில்லை. இப்போது எல்லை ஒன்றாகிவிட்டது. நாலாம் சனி, ராசாவாகக் கொலுவுக்கு வந்த வலன்ரைன், பாட்டின் வேகத்தில் கோட்டைத் தாண்டி மூன்றடி ஆடிவிட்டார்.

"உது எங்கட நாடு!" எமிலியானுஸ் மட்டைவாளால் அவருடைய கிரீடத்தைத் தட்டிவிட்டார்.

மந்திரிகள், சேவகர்கள், இறக்கை கட்டிய சம்மனசு எல்லோரும் இறங்கினார்கள். சம்மனசுதான் கூட அடித்தது. கோயிலின் கியூபெக் சுவாமியார் தமிழில் ஒரு சொல்லும் விளங்காமலே விஷயம் விளங்கி, மண்டபத்தைப் பூட்டினார்.

அன்று பின்னேரமே வலன்ரைன் தோய்க்கும் அறைக்கு வந்தார்.

"ரீச்சர், நீங்கள் சொன்னாத்தான் சுவாமி கேப்பார். நீங்களும் நாங்களும் எமிலியானுசுக்கு எதிரா ஒரு ஒப்பந்தம் போடுவம். உங்களுக்குச் சனிக்கிழமையைத் தாறம்."

"என்ர சனிக்கிழமையையோ, அண்ணை?"

"முழுதா!"

மெஷினுக்கு மேலே கிடந்த கொப்பிகளை ஒதுக்கி, ரீச்சர் பேனையை எடுத்தார்.

"வைக்கிறன் கையெழுத்து. முதல்ல தாளைத் திருப்பிக் காட்டுங்கோ."

வலன்ரைன் தாளை மெல்ல மடித்தார். "பேந்து வாறன்," என்று படியேறினார். படியில் எமிலியானுஸ் இறங்கிக்கொண்டிருந்தார், கையில் ஒரு தாளோடு.

ரீச்சர் கதவைச் சாத்திவிட்டு, படியில் எழுந்த சத்தத்துக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு, சுவாமியாருக்குப் போன் எடுத்தார். அவர் மண்டபத்துச் சாவியைத் தந்தார். தாள் எதுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமை இருபத்திரண்டு கதிரை போட்டார்கள். பதின்மூன்று வெறுமையாகக் கிடந்தன.