சர்க்கரை சேர்க்கப்படாதது

என் மனைவியின் ரத்தத்தில் சாராயம் இருக்கிறது என்று டாக்டர் கெஸ்லர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவசரப் பிரிவில் நின்றுகொண்டு அப்படிச் சிரிப்பவனைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். அந்த டாக்டரம்மாவுக்கு வரவில்லை. கையிலிருந்த தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"வேற யார் ரத்தத்தையோ பாத்துட்டு வந்து பேசறீங்க டாக்டர்," என்றேன். "நாங்க பாப்டிஸ்டுங்க. எங்க கவுண்டி, இந்த மாவட்டம் முழுக்கவே மதுவிலக்கு. சர்ச்சுல திருவிருந்துக்குக்கூட திராட்சை ஜூஸ்தான் ஊத்துறோம். டார்லா இந்த அம்பத்திரண்டு வருஷத்துல ஒரு பீர் டின்னைக்கூடத் தொறந்தவ இல்ல."

"ரெண்டு தடவை பாத்தாச்சு மிஸ்டர் டிட்வெல். வண்டி ஓட்டறதுக்குச் சட்டம் விடற அளவைவிட மூணு மடங்கு இருக்கு. உங்ககிட்ட சொல்லலாம்னு அவங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க."

டார்லாவே கையெழுத்துப் போட்டாள் என்றதும் என் சிரிப்பு நின்றுபோனது.

அது விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும் வாரம். பிள்ளைகளை வீட்டில் இறக்கிவிடும் சர்ச் வேனை மூன்று வருடமாக டார்லாதான் ஓட்டுகிறாள். அன்று மதியம் பன்னிரண்டரைக்கு வேன் சாலையை விட்டு இறங்கிப் பள்ளத்தில் குத்தி நின்றது. டார்லாவுக்குக் காறை எலும்பு முறிந்தது. வேனில் வேறு யாரும் இல்லை. கடைசியாக இறங்கும் பிள்ளை ஹேட்டி, ஆறு வயது, மூன்று நிமிடத்துக்கு முன்புதான் தன் வீட்டு வாசலில் இறங்கியிருந்தாள். அவள் எப்போதும் உட்காரும் பக்கம் அப்பளமாக நொறுங்கிக் கிடந்ததை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். கர்த்தர் காப்பாற்றினார் என்று வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

டார்லாவின் நோய் என்னவென்று எனக்குத் தெரியும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவள் நோய் சாப்பாடு. எங்கள் சர்ச்சில் புதன்கிழமை விருந்து என்றால் கேக் மேசை டார்லாவின் ராஜ்யம். மற்றவர்களுக்கு வெட்டிக் கொடுப்பாள், மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நின்றபடியே தின்று தீர்ப்பாள். முழங்கால் போனது, மூச்சு போனது. இரண்டு வருடத்துக்கு முன்பு லிட்டில் ராக் நகரத்தில் வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்தோம். அதன் பிறகு ஒரு வாய் இனிப்பு உள்ளே போனாலும் வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், குளியலறைத் தரையில் படுத்துவிடுவாள். ஒரே வருடத்தில் நூற்று முப்பது பவுண்டு இறங்கினாள். பெண்களெல்லாம் அவள் இடுப்பைப் பிடித்துப் பார்த்தார்கள். "ராய்ஸ், நீ வேற யாரையோ கூட்டிட்டு வந்துட்ட!" என்று என்னைக் கிண்டல் செய்தார்கள்.

அந்தப் பெருமையில் பாதி என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன். நான் கோழிப்பண்ணைகளுக்குத் தீவன லாரி ஓட்டுகிறவன். வீட்டுக்கு வந்தால் போலீஸ்காரன். சாமான் அலமாரிக்குப் பூட்டுப் போட்டேன். குப்பைத்தொட்டியைக் கிளறிச் சாக்லேட் காகிதம் தேடினேன். கடையில் எதை எடுத்தாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சர்க்கரை எவ்வளவு என்ற வரியைப் படிக்காமல் தள்ளுவண்டியில் போடமாட்டேன்.

அப்படியும் ஒரு வருடமாக அவள் நடையில் தள்ளாட்டம் வந்தது. பேச்சு குழறியது. மாலை நான்கு மணிக்கே சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கும் என்று சொல்லியிருந்தார்கள். விரலில் குத்திப் பார்க்கும் கருவியை வாங்கிக் குத்தினேன். சரியாகவே காட்டியது. கருவி கோளாறு என்று இன்னொன்று வாங்கினேன். அதுவும் சரியாகவே காட்டியது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. இரண்டு கருவிகளையும் செய்த கம்பெனிக்காரனைத்தான் திட்டினேன்.

"வீட்டுல இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கிற மருந்து ஏதாவது நெறைய காலியாகுதா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல."

"கை சுத்தம் பண்ற திரவம்? சமையல் எசென்ஸ்? வெனிலா?"

டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கிருந்த நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"வெனிலாக் காயைச் சாராயத்துல ஊறப்போட்டுத்தான் எசென்ஸ் எடுக்கறாங்க. விஸ்கி அளவுக்கே இருக்கும்," என்றார். "வயித்தைச் சுருக்கினவங்களுக்கு அது உடனே ரத்தத்துல ஏறிடும். உங்களுக்கு நாலு கிளாஸ் செய்யறதை அவங்களுக்கு ஒண்ணே செஞ்சிடும். சாப்பாட்டு மேல இருந்த ஏக்கம் சில பேருக்குக் குடி மேல திரும்பிடும். ஆபரேஷனுக்கு முன்னாடியே இதைச் சொல்லியிருப்பாங்களே?"

சொல்லத்தான் வந்தார்கள். ஒரு நர்ஸ் தாள்களைப் புரட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். மது என்ற தலைப்பு வந்ததும் நான்தான், "அந்தப் பக்கம் எங்களுக்குத் தேவைப்படாதும்மா, அடுத்ததுக்குப் போ," என்றேன். டார்லாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

அவளுக்கு மாற்றுத்துணி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். துணியை எடுக்கவில்லை. சலவை இயந்திரத்துக்குப் பின்னால் பதினோரு வெனிலா எசென்ஸ் பாட்டில் இருந்தது. கிறிஸ்துமஸ் மரப் பெட்டிக்குள் ஒரு குவியல். அவளுடைய பழைய பெரிய அளவு உடுப்புகளை ஏழைகளுக்குக் கொடுக்கக் கட்டி வைத்திருந்த மூட்டைக்குள்ளும் பாட்டில். எல்லாம் மொத்தக் கடையில் விற்கும் அரை லிட்டர் பாட்டில். எல்லாம் நான் வாங்கிக் கொடுத்தவை. அவளால்தான் கேக் தின்ன முடியாதே, பாவம், சுட்டு மணமாவது பிடிக்கட்டும் என்று அன்பாக வாங்கிக் குவித்தேன். பிறந்தநாளுக்கு நாலு பாட்டிலுக்கு ரிப்பன் கட்டிக் கொடுத்தேன். அவள் அன்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்தோஷம் என்று நினைத்தேன்.

ஒரு பாட்டிலைத் தூக்கிப் பிடித்தேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் "சர்க்கரை சேர்க்கப்படாதது" என்று இருந்தது. நான் படித்தது அவ்வளவுதான். அதற்குக் கீழே, மறைவு எதுவும் இல்லாமல், ஆல்கஹால் முப்பத்தைந்து சதவீதம் என்றும் இருந்தது. காவல் காத்தவனே திருடனுக்கு மூட்டை தூக்கியிருக்கிறேன்.

திரும்பி வந்தபோது காத்திருக்கும் அறையில் சர்ச்சே உட்கார்ந்திருந்தது. பிள்ளைகளின் அம்மாக்கள் ஆறு பேர், மடியில் மூடிய பாத்திரங்களோடு. யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் எங்கள் ஊரில் முதலில் வருவது கோழியும் நூடுல்ஸும் போட்டுச் சுட்ட தட்டுதான். எங்கள் பாஸ்டர் பிரதர் ஹாலிஸ் என்னைத் தோளோடு அணைத்துக்கொண்டார்.

"சர்க்கரை எறங்கிப்போச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் ராய்ஸ். ஷெரிஃப் ஆபீஸ்லேர்ந்து வந்த போலீஸ்காரனும் மயக்கம்னு எழுதிக்கிட்டுப் போயிட்டான். வேன் போனா போகுது, இன்ஷூரன்ஸ் இருக்கு. எலும்பு கூடினதும் புது வேன் சாவியை அவ கையிலதான் குடுக்கப்போறோம். பிள்ளைங்க மிஸ் டார்லா, மிஸ் டார்லான்னு உயிரை விடுதுங்க."

அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் வெட்கக்கேடு. அவருக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வீட்டிலிருக்கும் பாட்டில்களை உடைத்துவிடலாம், அவளை நானே பார்த்துக்கொள்ளலாம். பார்த்துக்கொள்வதில்தான் நான் பெரிய கெட்டிக்காரன் ஆயிற்றே!

டார்லா கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். கை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தது. நான் கதவைச் சாத்தினேன்.

"பாத்துட்டியா?" என்றாள்.

"பாத்தேன். மரப் பெட்டிக்குள்ள இருந்ததையும் பாத்தேன்." எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏன் டார்லா? ஆசையா இருந்தா எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? அது அவ்வளவு ருசியா?"

"ருசியா?" அவள் சிரிக்கப் பார்த்தாள், தோள் வலித்து முகம் சுளித்தது. "வாயெல்லாம் எரியும் ராய்ஸ். குமட்டும். ஒரு நாள்கூட அது எனக்குப் புடிச்சதில்ல. ஆனா வேணும். புடிக்கிறது வேற, வேணுங்கறது வேற. நீ புடிச்சதைப் பூட்டி வெச்ச."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"சின்னப் புள்ளையிலேர்ந்து என் தலைக்குள்ள ஒரு ரேடியோ ஓடும்," என்றாள். "அடுத்தது என்ன, அலமாரியில என்ன இருக்கு, அவங்க தின்னுட்டா எனக்கு மிஞ்சுமா. ஜெபம் பண்றப்பகூட ஓடும். எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன். வயித்தை வெட்டினாங்க, ரேடியோ நிக்கல. திங்கவும் முடியாம அதைக் கேட்டுக்கிட்டே கெடந்தேன். பதினாலு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் கேக்குக்கு ஊத்தறப்ப ஸ்பூனை நக்கினேன். நின்னுபோச்சு ராய்ஸ். அம்பது வருஷத்துல மொத தடவையா வீடு அமைதியாச்சு."

"பிள்ளைங்க வண்டியில இருக்கறப்பவுமா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "தண்ணி பாட்டில்ல ஊத்தி எடுத்துட்டுப் போவேன். கேக் வாசனை வருது மிஸ் டார்லான்னு ஹேட்டி சொல்லுவா," என்றாள்.

வேனில் நொறுங்கிக் கிடந்த அந்தப் பக்கம் கண் முன்னால் வந்தது. ஆனாலும் என் வாயிலிருந்து வந்தது வேறு. "கேளு. யாருக்கும் தெரியாது. சர்க்கரைன்னுதான் எல்லாரும் நெனச்சிருக்காங்க. ஷெரிஃப்கூட அப்படித்தான். நாம சொல்லலேன்னா கேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. இனிமே நான் உன்னைக் கண்ணுல வெச்சுப் பாத்துக்கறேன்."

டார்லா நல்ல கையால் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இப்ப நீ பேசிட்டு இருக்கறப்ப நான் என்ன யோசிக்கறேன் தெரியுமா? இங்கேர்ந்து வீட்டுக்குப் போற வழியில எத்தனை கடை இருக்குன்னு. மூணு. மாத்திரை குடுத்திருக்காங்க, எலும்பு ஒடஞ்சிருக்கு, ஹேட்டி சாகப் பாத்தா. அப்பவும் எண்ணிட்டு இருக்கேன்." அவள் உதடு காய்ந்திருந்தது. "சர்க்கரைன்னு சொன்னீன்னா, எனக்குச் சாவியைத் திருப்பிக் குடுத்துடுவாங்க ராய்ஸ். நான் வாங்கிக்குவேன்."

முப்பது வருடம் கூடவே வாழ்ந்த பெண். அவளைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு பயம் வந்ததே இல்லை. அவள் பொய் சொல்லவில்லை என்பதுதான் பயம். நான் எழுந்தேன்.

காத்திருக்கும் அறையில் ஹேட்டியின் அம்மா ஷெல்பிதான் முதலில் எழுந்து வந்தாள். கண்ணாடித் தட்டு இன்னும் சூடாக இருந்திருக்க வேண்டும், துண்டால் பிடித்திருந்தாள். பிரதர் ஹாலிஸ் அவள் பின்னால் நின்றார்.

"மிஸ் டார்லாவுக்கு இப்ப சர்க்கரை ஏறிடுச்சா மிஸ்டர் ராய்ஸ்?"

"சர்க்கரை இல்ல ஷெல்பி," என்றேன். "உன் பொண்ணைக் கூட்டிட்டு வந்தப்ப டார்லா குடிச்சிருந்தா."

பிரதர் ஹாலிஸ் என் பெயரைச் சொல்லி அதட்டினார். ஷெல்பிக்கு முதலில் புரியவே இல்லை. உதவிக்கு யாரையோ தேடுவது மாதிரி அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு அவள் முகம் வெளுத்தது.

"எத்தனை நாளா?" என்றாள்.

பதினான்கு மாதம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன்.