காகிதப் பஞ்சம்

எங்கள் ஊரில் ஒரு வரலாற்றுப் புத்தகம் வெளிவந்தால் யாரும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. பின்னால் இருக்கும் வம்சாவளியைப் புரட்டி, பக்கத்து வீட்டுக்காரனின் கல்யாணத் தேதிக்கும் மூத்த பிள்ளையின் பிறந்த தேதிக்கும் நடுவே எத்தனை மாதம் என்று விரல்விட்டு எண்ணுவார்கள். பிறகு தெருவில் என்னைப் பார்த்தால், "நல்ல உழைப்பு, கெர்ஹார்ட்" என்பார்கள். நாற்பது ஆண்டுகளில் இப்படி ஆறு புத்தகம் எழுதிவிட்டேன். கனடாவின் தென் மானிடோபாவில் குடியேறிய எங்கள் கிறிஸ்தவப் பிரிவினரான மென்னோனைட்டுகளைப் பற்றி எவருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெருமையில் மண் விழுந்த கதையைச் சொல்கிறேன்.

எனக்குப் பெயர் வாங்கித் தந்தது 1989-இல் வந்த எங்கள் சபை வரலாறு. அதற்கு ஆதாரம் சகோதரர் கூட்டத்தின் நடவடிக்கைப் புத்தகங்கள். ஞானஸ்நானம் பெற்ற ஆண்கள் மட்டும் கூடும் கூட்டம் அது. யார் மேல் புகார் வந்தாலும் விசாரணையும் தீர்ப்பும் அங்கேதான். பெண்கள் வீட்டில் காப்பியைச் சூடாக வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். மொத்தம் பதினான்கு புத்தகங்கள், ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு தனித் தாள். அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட தாள்கள் தையலை ஒட்டி வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. "காகிதப் பஞ்சத்தால் கடிதம் எழுத எடுத்திருக்கலாம்" என்று ஓர் அடிக்குறிப்பு போட்டேன். இரண்டு பேராசிரியர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள்.

என் மனைவி நெட்டா மட்டும் அப்போதே சிரித்தாள். "எந்த ஊர்ல காகிதப் பஞ்சம்? கக்கூஸ்ல துடைக்கிறதுக்கே கடைக்காரன் கேட்டலாக் கட்டுக்கட்டாத் தொங்குன காலம் அது. எங்கம்மாவைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க." மாமியாரை நான் கேட்கவில்லை. வாய்ப்பேச்சை நம்புகிற ஆள் இல்லை நான்.

அந்தப் புத்தகத்தின் 172-ஆம் பக்கத்தில் இரண்டு வரி உண்டு. 1956-இல் லீனா ஹார்ம்ஸ் என்னும் பத்தொன்பது வயது வேலைக்காரப் பெண், தன்னை வேலைக்கு வைத்திருந்த, சபையில் உதவிக்காரர் பதவி வகித்த டீட்ரிக் பார்க்மன் மேல் அவதூறு சொன்னதற்காகச் சபையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டாள். மன்னிப்புக் கேட்க மறுத்து ஊரை விட்டுப் போனாள். தாளில் இருந்ததை இருந்தபடி எழுதினேன். முதியோர் இல்லம் கட்டியவர் என்பதால் பார்க்மனுக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தேன், படத்தோடு.

போன இலையுதிர் காலத்தில், சபையின் நூற்றைம்பதாவது ஆண்டுக்காக அதே புத்தகத்தைத் திருத்தித் தரச் சொன்னார்கள். சகோதரர் கூட்டத்தின் பழைய செயலாளர் வில்லம் தோவ்ஸை முதியோர் இல்லத்தில் போய்ப் பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு வயது, காது மட்டும் கொஞ்சம் மந்தம். பேச்சுவாக்கில் அந்த அடிக்குறிப்பைச் சொன்னேன். அவர் இருமி இருமிச் சிரித்தார்.

"காகிதப் பஞ்சமா? ஏப்பா, கத்தரிக்கோல் என் கையிலதான இருந்துச்சு."

"எதுக்கு வெட்டுனீங்க, மாமா?"

"ஒருத்தன் வந்து முட்டி போடுறான், தப்புன்னு ஒத்துக்கறான், எல்லாரும் மன்னிச்சோம்னு சொல்றோம். அப்புறம் அந்தத் தாள் எதுக்கு? வெட்டி அடுப்புல போட்டுருவோம். மன்னிச்சதைப் பத்தி மறுபடி பேசுறதுதான் பாவம். இது கூடத் தெரியாமயா இத்தனை புஸ்தகம் எழுதுன?"

"அப்ப பார்க்மனுக்கும் ஒரு தாள் இருந்துச்சா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஐம்பத்தெட்டுல வந்து அழுதான். அந்தப் பொண்ணு சொன்னது அத்தனையும் நெசம்னான். மன்னிச்சோம். வெட்டினேன்."

"லீனாவோட தாளு?"

"அதை எப்படி வெட்டுறது? அவ மன்னிப்பே கேக்கலையே."

வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போதுதான் எனக்கு உறைத்தது. தப்புச் செய்தவன் எல்லாம் ஒத்துக்கொண்டு தாளிலிருந்து வெளியே போய்விட்டான். தப்பே செய்யாமல், செய்யவில்லை என்று நின்றவர்கள்தான் தாளில் மிஞ்சியிருக்கிறார்கள். நான் அந்த மிச்சத்தை அள்ளி அட்டை போட்டு, வரலாறு என்று விற்றிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, பிழைப்பு முழுவதும் வீணாகிவிட்டதே என்ற ஆத்திரம்தான் அதிகம் இருந்தது, அதையும் மறைக்கப் போவதில்லை.

எங்கள் இப்போதைய போதகர் ஜீன்ஸ் போடுகிறவர், கிதார் வாசிக்கிறவர். அவரிடம் போய், லீனாவின் பெயரில் இருக்கும் கறையைப் புதிய பதிப்பில் துடைக்க வேண்டும் என்றேன். முழுவதும் கேட்டுவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டார்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, ஐயா. ஆனா பார்க்மனோட பேரப்பிள்ளைங்க முன்வரிசையில உக்காந்திருக்காங்க. அது மன்னிச்சு முடிஞ்ச விஷயம். வேணும்னா அந்த ரெண்டு வரியை எடுத்துருவோம். யாருக்கும் வம்பில்ல."

அவளையும் வெட்டிவிடலாம் என்கிறார். வில்லமும் என்னிடம் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார்.

லீனா ஹார்ம்ஸ் உயிரோடு இருக்கிறாள் என்பதை நெட்டாதான் ஒரே போனில் கண்டுபிடித்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பத்தொன்பது ஆண்டு வேலை பார்த்துவிட்டு, வின்னிபெக்கில் தனியாக இருந்தாள். கதவைத் திறந்தபோது சங்கிலியை எடுக்கவில்லை.

"லீனா அத்தை, நான் கெர்ஹார்ட் உன்ராவ்."

"தெரியுது, அட்டையில படம் இருக்கே. அத்தையா? உங்க ஊர்ல எனக்கு அந்தப் பேரெல்லாம் போயி அறுபத்தேழு வருஷம் ஆச்சு." பிறகு சங்கிலியை எடுத்தாள்.

என் புத்தகம் அவள் மேசை மேல் இருந்தது. வந்த வாரமே வாங்கினாளாம். "கடைக்காரப் பொண்ணு உங்க ஊரான்னு கேட்டா. ஆமாம்மா, நூத்தி எழுபத்திரெண்டாம் பக்கத்துல இருக்கேன்னு சொன்னேன்."

"ஆதாரத்தை வச்சுத்தான் எழுதினேன்" என்றேன்.

"எனக்கும் வாய் இருந்துச்சுல்ல. டெலிபோன் புஸ்தகத்துல பேரும் இருந்துச்சு. ஏன் கூப்பிடல?"

வில்லம் சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன். பார்க்மன் ஒத்துக்கொண்டது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். மேசை மேல் இருந்த புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஐம்பத்தெட்டுல எங்கம்மா இருந்தாங்க" என்றாள். "அறுபத்தொண்ணுல செத்தாங்க. கடைசி வரைக்கும் என்னோட உக்காந்து சாப்பிடல. விலக்கினவகூடச் சாப்பிடக்கூடாதே. எங்கப்பா அந்தக் கூட்டத்துல இருந்திருப்பாரு. அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் வழக்கப்படி முட்டி போட்டேன். மூட்டு இரண்டும் முறிகிற மாதிரி சத்தம் போட்டது. மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"எந்திரி. இப்பத்தான் தரை தொடச்சேன்."

எழுந்தேன்.

"நான் மன்னிச்சா நீ நிம்மதியாப் போயிருவ. அப்புறம் எவனாவது கத்தரிக்கோலோட வருவான். மாட்டேன். மன்னிக்காத தாளை வெட்ட உங்க சபையில சட்டம் இல்லைல்ல? பேனா வச்சிருக்கியா?"

வைத்திருந்தேன். நடந்ததை ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டு, "இந்த வருத்தம், கண்ணீரெல்லாம் உன்னோடது. அதை எடு" என்றாள். அடித்தேன். இன்னும் கொஞ்சம் அடிக்கச் சொன்னாள். கடைசியில் நான்கு வரிதான் நின்றது. அவள் கையெழுத்துப் போட்டு, தேதியையும் தானே எழுதினாள்.

மறுநாள் சபையின் ஆவணக் காப்பறைக்குப் போனேன். அங்கே ஒரு தாளில் பென்சில் கோடு போட்டவனைக்கூட நான் வெளியே அனுப்பியிருக்கிறேன். ஒன்பதாம் புத்தகத்தில் லீனாவின் தாளைப் புரட்டி, அதன் மேல் பசை தடவி இதை ஒட்டினேன்:

"லீனா ஹார்ம்ஸ் பொய் சொல்லவில்லை. டீட்ரிக் பார்க்மன் அதை ஒத்துக்கொண்டார். கெர்ஹார்ட் உன்ராவ் அவளைக் கேட்காமலே எழுதினார், பிறகு மன்னிப்புக் கேட்டார். அவள் மன்னிக்கவில்லை."