முதன்மை விண்ணப்பதாரர்

எனக்கு நாற்பத்தைந்து வயது ஆக இன்னும் ஐம்பத்தொரு நாள் இருந்தது. அந்த வயதைத் தொட்டுவிட்டால் வெளிநாட்டில் குடியேறும் விசாவுக்கான மதிப்பெண்ணில் பெரிய துண்டு விழும். அப்புறம் விண்ணப்பிப்பதும் ஒன்றுதான், குறட்டை விட்டுத் தூங்குவதும் ஒன்றுதான். தன் பிறந்தநாளை என் அளவுக்கு யாரும் சபித்திருக்க மாட்டார்கள்.

விசாவுக்கு முன்னால், நான் உண்மையிலேயே பொறியாளன்தானா என்று அந்த நாட்டு மதிப்பீட்டுக் குழு சொல்ல வேண்டும். பட்டம் மட்டும் போதாதாம். நானே மூளையைச் செலவழித்துச் செய்த மூன்று வேலைகளைப் பற்றி மூன்று கட்டுரைகள் கேட்டார்கள். அனுப்பி நான்கு மாதம் ஆகிவிட்டது. பல் தேய்க்கும் முன் ஈமெயில் பார்த்தேன், பாய்லர் பக்கத்தில் நின்றுகொண்டு பார்த்தேன். காகித ஆலையில் பராமரிப்பு என் வேலை. மெஷின் நின்றால்கூடப் பதறாதவன், செல்போன் அதிர்ந்தால் பதறினேன்.

பதில் ஒரு சனிக்கிழமை மதியம் வந்தது. இரண்டாவது கட்டுரையில் சொன்ன பம்ப் பிரச்சினைக்கான கணக்கை இருபத்தொரு நாளுக்குள் முழுசாக அனுப்ப வேண்டும். பிறகு ஒரு பொறியாளர் வீடியோவில் கேள்வி கேட்பார்.

சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு ஏஜென்டைக் கூப்பிட்டேன். எதைக் கேட்டாலும் நாற்பது நாளில் முடிந்துவிடும் என்பார், அதனால் எங்கள் வீட்டில் அவர் பெயரே நாற்பதுநாள்.

"ரொம்ப நல்லது சார்! கேள்வி கேக்கறாங்கன்னா படிச்சிருக்காங்கன்னு அர்த்தம். கணக்கை அனுப்பிடுங்க, நாப்பது நாள்ல முடிஞ்சிடும்."

"அவங்க குடுத்ததே இருபத்தோரு நாள்தாங்க!"

பம்ப் கதை இதுதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன், பாய்லருக்குச் சுடுதண்ணீர் தள்ளும் பம்ப் கூழாங்கல்லை அரைப்பதுபோல் சத்தம் போட்டது. உள்ளே சுழலும் சக்கரம் ஒரே வருடத்தில் மூன்று தடவை அரித்துப் போனது. எல்லோரும் பம்பைத்தான் திட்டினோம். பம்பில் பழுதே இல்லை. தொட்டி தாழ்வாக இருந்ததால், கிட்டத்தட்ட கொதிநிலையில் இருந்த தண்ணீர் பம்புக்குள் நுழையும்போதே ஆவியாகிக்கொண்டிருந்தது. தொட்டியை ஒன்றரை மீட்டர் உயர்த்தினோம், சத்தம் அடங்கியது. எனக்குப் பதவி உயர்வு வந்தது.

பரண் மேலிருந்து பழைய பெட்டியை இறக்கி அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். ஒன்பது பக்கம் கணக்கு. கடைசிப் பக்கத்தின் அடியில் என் கையெழுத்து. அதற்கு மேலே இருந்த எல்லா எழுத்தும் என் மனைவியுடையது.

அப்போது அவள் மனைவி இல்லை, என் பிரிவில் ஜூனியர். எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது: கணக்கை யார் போட்டாலும், மேலாளர் அறைக்குள் எடுத்துப்போகிறவர்தான் கையெழுத்துப் போடுவார். அவள் போட்டாள், நான் எடுத்துப்போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், பன்னிரண்டு வருடமாக அதை என் கணக்கு என்றே நம்பியிருந்தேன்.

இரண்டு நாள் தனியாக முட்டிப் பார்த்தேன். அந்த ஒன்றரை எங்கிருந்து முளைத்தது என்று பிடிபடவில்லை. மூன்றாம் நாள் மாலை, துணி மடித்துக்கொண்டிருந்தவள் முன்னால் போய் நோட்டை நீட்டினேன். "இதைக் கொஞ்சம் சொல்லிக் குடேன்."

அவளும் இன்று வரை பொறியாளர்தான், ஒரு பாய்லர் கம்பெனியில் டிசைன் பிரிவு. மடித்த துண்டுகளைத் தொட்டியாகவும் பம்பாகவும் வைத்து மூன்று தடவை விளக்கினாள். நான் மாடுபோல் தலையாட்டினேன்.

"சரி, அவங்க கேக்கற மாதிரி கேக்கறேன். தண்ணி எண்பது டிகிரியா இருந்திருந்தா தொட்டியை எவ்வளவு உயர்த்தணும்?"

"இன்னும் கொஞ்சம் கூட."

"உயர்த்தவே வேண்டாங்க. சூடு குறைஞ்சா ஆவியாகாதே!"

சுருக்கென்று கோபம் வந்தது எனக்கு. "மேனேஜர் ரூமுக்குள்ள போய் அவர்கிட்ட திட்டு வாங்கினது யாரு? நீ போயிருந்தா கேட்டிருப்பாரா?"

"கேட்டிருக்க மாட்டார். அதனாலதான் உங்ககிட்ட குடுத்தேன்." அவள் அடுத்த சட்டையை எடுத்தாள். "இப்போ கேக்கறவங்க வேற ஆளுங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எழுந்து கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். எட்டாவது நடையிலோ பத்தாவது நடையிலோதான் உறைத்தது. மதிப்பெண் தாளை எடுத்து அவள் விவரத்தைப் போட்டுக் கூட்டினேன். வயது முப்பத்தேழு, என்னுடைய அதே பட்டம், இன்றுவரை அதே துறை. என்னைவிட இருபத்தைந்து அதிகம் வந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று அவள் பேரில் போடச் சொல்லி நாற்பதுநாளைக் கூப்பிட்டேன்.

"மேடம் பேர்லயா? முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்!"

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேனே. மெயின் அப்ளிகன்ட் யாருன்னு நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள, நீங்கதான் சேரை முன்னால இழுத்துப் போட்டுக்கிட்டீங்க."

ஆமாம், இழுத்தேன். அவளும் என்னைத்தான் கை காட்டினாள். இரண்டு பேருக்குமே வேறு யோசனை வரவில்லை.

அவள் எழுத உட்கார்ந்தாள். பம்ப் கணக்கு அவளுடையது என்று, அன்றைய மேலதிகாரியாக நான் கடிதம் கொடுக்க வேண்டியிருந்தது. நான்கே வரி. ஒரு மத்தியானம் முழுக்க ஆனது.

இரண்டு கட்டுரை முடிந்தது. மூன்றாவதில் அவள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏதாவது கொடுத்தாக வேண்டும்போல் இருந்தது.

"அந்த உலர்த்தும் உருளை வேலையை எழுதிக்கோ. பேரிங் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சே, அது. நீயும் அங்கதானே இருந்தே. நான் லெட்டர் குடுத்துடறேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "அது நீங்க கண்டுபிடிச்சது. மூணு நாள் வீட்டுக்கே வராம கிடந்தீங்களே."

"அதனால என்ன? யாருக்குத் தெரியப்போகுது?"

"அது உங்களோடதுங்க. நான் எழுத மாட்டேன்."

பன்னிரண்டு வருடத்துக்கு முன், மேலாளர் அறையில் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

"அப்போ மூணாவதுக்கு எதை எழுதுவே? ஒண்ணும் இல்லாமத்தானே இவ்வளவு நேரம் யோசிக்கறே?"

"இல்லாமயா?" என்றாள். "எதை விடறதுன்னுதான் யோசிக்கறேன்."