கடையில் ஓட்டிப் பார்த்த நெபுலைசர்

2008-இல் வேலம்பாளையத்தில் பகலில் எப்போது கரண்ட் போகும் என்று யாருக்கும் தெரியாது. ஜெயசுதாவின் கணவர் செந்தில்வேலுக்கு நூல் மில்லின் பஞ்சுத் தூசியால் நெஞ்சில் இழுப்பு. மூச்சு முட்டினால் நெபுலைசரில் மருந்துப் புகை பிடிக்க வேண்டும். ஒருநாள் பாதி மருந்திலேயே கரண்ட் நின்றுபோய், ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாயிற்று.

மறுவாரம் ஜெயசுதா நெபுலைசரைப் பையில் போட்டுக்கொண்டு சோலார் கடைக்குப் போனாள். கடைக்காரர் பிரபாகர் சின்ன செட் ஒன்றைக் காட்டினார்.

"இதுல லைட்டு, ஃபேன், டிவி எல்லாம் ஓடுங்க."

"டிவி கெடக்குதுங்க. இது ஓடுமான்னு பாருங்க" என்று நெபுலைசரை எடுத்து வைத்தாள்.

சொருகியதும் இன்வெர்ட்டர் கீச்சிட்டு அணைந்தது. பிரபாகர் மழுப்பவில்லை. "இது தாங்காதுங்க. பெரிய இன்வெர்ட்டர் வேணும், பேனலும் ரெண்டு போடோணும்" என்றார்.

பெரியதில் மாட்டியபோது வெண்புகை சீராக வந்தது. அரைமணி நேரம் அணைக்க விடாமல் நின்று பார்த்தாள். சேர்த்த காசில் வாங்க ஆசைப்பட்டிருந்த ஓவர்லாக் தையல் மெஷினை அடுத்த வருசம் வாங்கிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, "இதையே போட்டுக் குடுங்க" என்றாள்.

பேனல் மாட்டிய மூன்றாம் நாள் மத்தியானம் கரண்ட் போனது. மருந்து பிடித்துக்கொண்டிருந்த செந்தில்வேல் பதறி அவளைப் பார்த்தார். புகை நிற்கவில்லை.

முடிந்ததும், "நாளைக்கு நானே மாடியேறி அந்தப் பேனலைத் தொடைக்கறேன்" என்றார். அவர் படியேறி ஆறு மாதமாகியிருந்தது.

"மெதுவா ஏறுங்க. நானும் வர்றேன்" என்றாள் ஜெயசுதா.