ஆக்சிலேட்டரை மிதிக்க ஒரு ஆள்

மனைவி சௌந்திரம் இறந்த வருஷம், லாரி மெக்கானிக் சென்னியப்பன் ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றிலிருந்து இரண்டே சீட் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவந்தார். வீட்டு வாசலில் நிறுத்தித் தன்னந்தனியாக அதற்கு, எஞ்சினுக்குள் காற்றைத் திணித்து வேகம் கூட்டும் டர்போ பொருத்தினார். புகைக்குழாயை அறுத்து வெல்டிங் வைத்தார். ஆயில் குழாய் இழுத்தார். வண்டி கிளம்பியது, ஆனால் இழுவை இல்லை. டர்போ தள்ளும் காற்று எங்கோ கசிந்தது. ஒருவர் ஆக்சிலேட்டரை மிதித்தால்தான் இன்னொருவர் கசிவைக் கண்டுபிடிக்க முடியும். எந்த வண்டியானாலும் மிதித்துக்கொடுப்பது சௌந்திரம்தான்.

கொஞ்ச நாள் காரைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தார். பிறகு ஒரு காலையில், வேலியோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கண்ணாத்தாளைக் கூப்பிட்டார்.

"அக்கா, இதைக் கொஞ்சம் மிதிக்கறீங்களா?"

"எனக்கென்ன தெரியும் சாமி?" என்றவள், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்து மிதித்தாள். ரப்பர் குழாயின் அடியில் காற்று அவர் விரலில் பட்டது. கிளிப்பை முறுக்கினார். டர்போ விசிலடித்தது.

"ஜேடர்பாளையம் வரைக்கும் போயிட்டு வரலாம், வாரீங்களா?"

"ஆட்டை ஆரு பாக்கறது?" என்று சிரித்தபடி இறங்கிப்போனாள்.

அவர் மட்டும் போனார். முன்னால் போன பஸ்களையெல்லாம் தாண்டி வண்டி பறந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஜேடர்பாளையத்துக் காவிரிக்கரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை அதன் பக்கத்திலேயே நின்றுவிட்டு, மெதுவாகத் திரும்பி ஓட்டிவந்தார்.