பச்சைப் பொட்டலத்தை எடுத்த காலை

கணினிச் சில்லுகள் செய்யும் எங்கள் ஷின்சூ ஊரில் குவாய் குவாய் பொட்டலம் வைக்காத இயந்திரம் கிடையாது. பச்சை உறைக்குள் தேங்காய்ச் சுவைச் சோளப் பொரி. பெயருக்கே 'சமர்த்தாக இரு' என்று அர்த்தம். பிரிக்கக் கூடாது, தின்னக் கூடாது, தேதி தாண்ட விடக் கூடாது. சில்லுத் தொழிற்சாலை முதல் ஏடிஎம் வரை எல்லாம் அதன் தயவில்தான் ஓடுகின்றன.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதை எடுக்கச் சொன்னவர் பேராசிரியர் லியாவ்.

"உலகத்திலேயே நுண்ணிய லேசர் இருக்கிற இடம்யா இது. இன்னிக்குத் தேர்வு நடத்த வர்ற பெங் மேடம் பார்த்தா கோவில்னு நினைக்க மாட்டாங்க?"

கருவிகளைப் பராமரிப்பவன் நான், சொன்னதைச் செய்பவன். லேசர் மேடையின் ஓரத்தில் நின்ற பொட்டலம் மேசைக்கடியில் போனது. விருந்தாளிக்கு வியர்க்கக் கூடாதாம். ஏசியையும் முழு வேகத்தில் வைத்தேன்.

அன்று லியாவின் மாணவி யூ-ஹுவானின் முனைவர் பட்டத் தேர்வு. ஏழாண்டுக் கெடு முடியப் பதினோரு நாள்தான் பாக்கி. வெளியூர்த் தேர்வாளர் பெங் அம்மையார் வரைபடங்களை நம்பாதவர். லேசர் எரிவதைக் கண்ணால் பார்த்தால்தான் கையெழுத்து என்று முன்பே எழுதிவிட்டார். பன்னிரண்டேகாலுக்கு அவருக்கு ரயில்.

யூ-ஹுவானின் லேசர், வெள்ளிப் படலத்தின் மேல் கிடக்கும் குறைக்கடத்திக் குச்சி. ஒரு தலைமுடியின் அகலத்தில் அப்படி ஆயிரத்தை அடுக்கலாம். அதன் மேல் வேறொரு ஒளிக்கற்றையைக் குறி தவறாமல் பாய்ச்ச வேண்டும். பாய்ந்தால் திரையில் ஊசி போல ஒரு கோடு எழும். தவறினால் வெறும் மேடுதான்.

மேடுதான் வந்தது.

"நாளைக்கு சில்லுக்குள்ள தகவல் ஓடப்போறது இந்த ஒளியிலதான்," என்று லியாவ் முழங்கினார். "ரத்தத் துளியில ஒரேயொரு நோய்த் துகளைக்கூட இது..."

"முதல்ல எரியட்டும்," என்றார் பெங்.

யூ-ஹுவான் திருகைத் திருப்பினாள். ஊசி எழுந்தது. மூச்சு விடுவதற்குள் சரிந்தது. மறுபடி திருப்பினாள், மறுபடி சரிந்தது. பதினொன்றரை ஆகிவிட்டது.

"கோ அண்ணே, நேத்து ஒரு மணி நேரம் அசையாம நின்னுச்சே!"

"நானும் பார்த்தேனேம்மா." என்றேன் நான்.

லியாவ் அவள் காதோரம் குனிந்தார். "நேத்துப் பதிவு இருக்குல்ல? திரையில அதைப் போட்டுடு. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே, சார்."

"நியாயம் பேசற நேரமா இது? ஏழு வருஷம் போயிடும்!"

யூ-ஹுவான் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். அது மறுபடி பறந்து கண்ணில் விழுந்தது. தலையைத் தூக்கி ஏசியைப் பார்த்தாள். பிறகு மேடையின் ஓரத்தை, பொட்டலம் நின்ற வெற்றிடத்தை.

"அண்ணே, அந்தப் பொரியைக் குடுங்க. சீக்கிரம்!"

லியாவின் முகம் வெளிறியது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். பழைய இடத்திலேயே நிறுத்தி, திருகைத் தொட்டாள்.

ஊசி எழுந்தது. நின்றது. பத்து விநாடி, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம்.

"இது என்ன?" என்று பொட்டலத்தைக் காட்டினார் பெங்.

"காற்றியக்க நகர்வுத் தடுப்பான்," என்றார் லியாவ். "எங்க ஆய்வுக்கூடத்தோட சொந்த வடிவமைப்பு."

"சோளப் பொரி, மேடம்," என்றாள் யூ-ஹுவான். "ஏசிக் காத்து மேடையில படாம மறைக்குது. முடி அகலத்துல நூறுல ஒரு பங்கு நகர்ந்தாலும் குறி தப்பிடும். இத்தனை நாளா இதுதான் மறைச்சிருக்கு. இன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது."

பெங் மேடையைத் தொடாமல் எட்டி, உறையிலிருந்த தேதியைப் படித்தார். சிரிக்கவே இல்லை.

"அடுத்த வாரம் முடியுது, மாத்திடுங்க." பேனாவைத் திறந்தார். "ஆய்வேட்டுல ஒரே ஒரு திருத்தம். செய்முறைப் பகுதியில இதையும் எழுதணும்."

"எப்படி எழுதறது, மேடம்?"

"இருக்கிறபடியே."

கையெழுத்து விழுந்தது. லியாவ் தொண்டையைச் செருமினார். "சுவையையும் குறிப்பிடணுமா?"