மாமனார் குடிக்காத தண்ணீர்

என் மாமனாருக்கு இடுப்பெலும்பு உடைந்து நாலு மாதம் ஆகிறது. யாராவது பிடித்துக்கொண்டால்தான் கழிப்பறைக்குப் போக முடியும். என் கணவர் லேத் பட்டறைக்குக் காலை ஏழு மணிக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவார். அதுவரை வீட்டில் நானும் என் தையல் மெஷினும் மாமனாரும்தான்.

"மாமா, வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றால் காது கேட்காத மாதிரி இருப்பார். படுக்கையிலேயே போகப் பாட்டில் வாங்கி வைத்தேன். அதைத் துண்டால் மூடிவிட்டார்.

"மருமக கையால அதெல்லாம் வேணாம்மா. பையன் வரட்டும்."

மருமகள் போட்ட சோறு மட்டும் இறங்குமாம், கை பிடித்தால் மானம் போய்விடுமாம்! மனுஷன் ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தார். காலையில் அரை டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். உள்ளே போனால்தானே வெளியே வரும்.

என் கணவருக்கு அதில் பெருமை வேறு. "இந்த வயசுலயும் எங்கப்பாவுக்கு என்ன கட்டுப்பாடு பாத்தியா?"

கட்டுப்பாடாம், மண்ணாங்கட்டி! மூன்று வாரமாக மூத்திரம் கலங்கலாகப் போனது, வாடை மூக்கைத் துளைத்தது. போகும்போது அப்பா பல்லைக் கடிக்கிறார் என்று கணவரே சொன்னார். "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன். "சூடுதான், சரியாயிடும்" என்றார். நானும் விட்டுவிட்டேன். அதுதான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மாமனாருக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. சுவரைப் பார்த்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனதும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, ஒண்ணுக்கு வருதும்மா. எரியுதும்மா."

நான் யாரென்றே தெரியவில்லை அவருக்கு. அதனால்தான் என் தோளில் சாய்ந்தார். பாட்டிலைப் பிடித்தேன். நாலு சொட்டு வந்தது, சிவப்பாக. அழுதுகொண்டே கணவருக்குப் போன் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கணவரையும் என்னையும் சேர்த்து நிற்கவைத்துச் சொன்னார்.

"மூத்திரத்துல கிருமி. கிட்னி வரைக்கும் ஏறிடுச்சு. வயசானவங்களுக்கு இதுல புத்தியும் தடுமாறும். மருந்தைப் பாதியில நிறுத்தாதீங்க. தண்ணி குடிக்கணும், வந்தா அடக்கவே கூடாது. இன்னொரு தடவை இப்படி வந்தா அவர் தாங்க மாட்டார்."

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். புத்தி தெளிந்திருந்தது. மறுநாள் கணவர் வேலைக்குக் கிளம்பிப் போனதும், மாமனார் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அன்னிக்கு எனக்கு நினைவு தப்புனப்போ... என்னை யாரு பாத்துக்கிட்டா?"

உண்மையைச் சொன்னால் வெட்கத்திலேயே செத்துப்போவார்.

"உங்க பையன்தான் மாமா. லீவு போட்டுட்டு ஓடி வந்தாரு."

"அப்பாடா" என்று கண்ணை மூடினார். "நல்லவேளை. நீயோன்னு பயந்துட்டேன்."

மாத்திரையும் செம்பு நிறையத் தண்ணீரும் கொடுத்தேன். மாத்திரைக்கு ஒரு மடக்கு குடித்துவிட்டுச் செம்பைத் தள்ளிவைத்தார். கெஞ்சினேன், திட்டினேன், டாக்டரம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். "பையன் வரட்டும்மா" என்றார். மணி ஏழேகால்தான் ஆகியிருந்தது.